தொண்டையில் கறித்துண்டு, பலகையில் சுண்டெலி: தெரியுமா உங்களுக்கு?

இன்டர்வியூ அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அடுத்தது உங்கள் பெயர்தான். திடீரென்று தொண்டையில் ஏதோ அடைக்கிறது! விழுங்கினால் இறங்கவில்லை, காறினால் வெளியே வரவில்லை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தாலும் உள்ளே ஒன்றுமே இருக்காது. இந்த இல்லாத அடைப்புக்கு 1,800 ஆண்டுகளுக்கு முன்பே சீனாவில் ஒருவர் கஷாயம் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், தெரியுமா?

அவர் சாங் சோங்ஜிங். ஹான் பேரரசு ஆட்டம் கண்டுகொண்டிருந்த காலத்து வைத்தியர். வாட்டிய கறித்துண்டு ஒன்று தொண்டையில் சிக்கிக்கொண்டதைப் போலிருக்கும் என்று நோயை அடையாளம் சொல்லி, 'பான்ஸியா ஹௌபோ' என்ற கஷாயத்தைக் கொடுக்கச் சொல்கிறார். பின்னால் வந்த வைத்தியர்கள் கறித்துண்டை எடுத்துவிட்டு பிளம் கொட்டையைப் போட்டார்கள். அடைப்பு மட்டும் மாறவில்லை. இன்றைக்கும் பதற்றக்காரர்கள் டாக்டரிடம் அதையேதான் சொல்கிறார்கள்!

கஷாயத்தில் போடுவது ஐந்தே ஐந்து சரக்கு. பினெல்லியா கிழங்கு, ஹௌபோ மரப்பட்டை, பைன் மரத்து வேரில் முளைக்கும் ஒரு பூஞ்சை, இஞ்சி, துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த பெரில்லா இலை. இதில் முதல் சரக்கின் குறும்பைக் கேளுங்கள். பினெல்லியா யார் தெரியுமா? நம் கருணைக்கிழங்குக்கும் சேப்பங்கிழங்குக்கும் உறவு, ஒரே தாவரக் குடும்பம்! பச்சையாக வாயில் வைத்தால் அதிலுள்ள கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள் குத்தி நாக்கும் தொண்டையும் அரிக்கும், வீங்கும். தொண்டை அடைப்புக்கு மருந்து என்று தொண்டையையே பிடிக்கிற கிழங்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்! இங்கே நாம் கருணையைப் புளி விட்டு அடக்குகிறோம். அங்கே இஞ்சியும் படிகாரமும் சேர்த்து நாட்கணக்கில் பதப்படுத்தி அடக்குகிறார்கள்.

இரண்டாவது சரக்கான ஹௌபோவுக்கும் இங்கே சொந்தம் உண்டு. அது மக்னோலியா மரம். நம் செண்பகமும் மக்னோலியாதான்! கூந்தலில் சூடும் பூவின் ஒன்றுவிட்ட அண்ணன், சிச்சுவான், ஹூபே மலைச்சரிவுகளில் பட்டைக்காக வளர்க்கப்படுகிறான். (உடனே செண்பக மரத்தைச் சுரண்டக் கிளம்பிவிடாதீர்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே தொழிலா செய்கிறார்கள்?) மரத்துக்குப் பதினைந்து, இருபது வயதாகும் வரை காத்திருந்து பட்டை உரிக்கிறார்கள். உரித்ததைக் கொதிநீரில் போட்டு எடுத்து, ஈரத்தோடு குவித்து 'வியர்க்க' விடுகிறார்கள். உட்புறம் ஊதா கலந்த பழுப்புக்கு மாறி, பட்டை தானாகச் சுருண்டுகொள்கிறது. நல்ல சரக்கா என்று பார்க்கச் சீனத்து மருந்துக்கடைக்காரர் என்ன செய்வார் தெரியுமா? சுருளை ஒடித்து, ஒடிந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்புவார். பொடிப்பொடியாக ஏதோ மினுங்கினால் முதல் தரம்!

அந்த மினுக்கத்தில்தான் கதையே இருக்கிறது. அந்தப் படிகங்கள் மக்னோலால், ஹோனோகியால் என்ற இரண்டு வேதிப்பொருள்கள். இரண்டிலும் 18 கார்பன், 18 ஹைட்ரஜன், 2 ஆக்ஸிஜன். எண்ணிக்கையில் ஓர் அணு கூட வித்தியாசமில்லை! அடுக்கிய விதம்தான் வேறு. ஆனால் குணம்? அதைச் சுண்டெலிதான் சொல்ல வேண்டியிருந்தது.

1990களில் ஜப்பானில், குன்மா பல்கலைக்கழகத்தில் ஹிசாஷி குரிபாராவும் யூஜி மருயாமாவும் 'சாய்போகுதோ' என்ற மருந்தைக் கையில் எடுத்தார்கள். சாங் சோங்ஜிங்கின் அந்தக் கஷாயத்தோடு இன்னொரு பழைய கஷாயத்தைக் கலந்த பத்துச் சரக்கு மருந்து அது. ஜப்பானில் ஆஸ்துமாவுக்குக் கொடுக்கிறார்கள். மூச்சுக்குக் கொடுத்த மருந்து மனசையும் அமைதிப்படுத்துகிறதே, எப்படி? பத்தில் எது அந்த வேலையைச் செய்கிறது?

சுண்டெலிக்குப் பதற்றம் இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, தெரியுமா? கூட்டல் குறி வடிவத்தில் ஒரு பலகை. தரையிலிருந்து அரை மீட்டர் அளவு உயரம். நான்கு கைகளில் இரண்டுக்குச் சுவர் உண்டு, இரண்டு திறந்தவெளி. நடுவில் எலியை விட்டுவிட்டு ஐந்து நிமிஷம் கேமராவில் பார்க்கிறார்கள். சுண்டெலிக்கு இருட்டும் சுவரோரமும்தான் பாதுகாப்பு. ஆனால் புது இடத்தை மோந்து பார்க்காமலும் அதனால் இருக்க முடியாது. பயந்த எலி சுவருக்குள்ளேயே முடங்கிவிடும். பயம் குறைந்த எலி திறந்த கையில் நான்கு அடி எடுத்து வைத்து, விளிம்பில் தலையை நீட்டிக் கீழே எட்டிப் பார்க்கும்! 1980களின் நடுவில் நிலைபெற்ற இந்தச் சோதனைக்கு குன்மாக்காரர்கள் இன்னும் கொஞ்சம் மிளகாய் தடவினார்கள்: திறந்த கைகளின் தரையைக் கண்ணாடிபோல ஊடுருவித் தெரிகிற பிளாஸ்டிக்காக மாற்றினார்கள். பாவம், எலி!

பதற்றத்தைத் தணிக்கும் டயஸெபாம் மாத்திரை கொடுத்த எலி சில நிமிஷங்களிலேயே தைரியசாலி ஆகிவிட்டது. சாய்போகுதோ கொடுத்த எலி? முதல் நாள் அசையவில்லை. தினமும் ஒரு வேளையாக ஏழு நாள் கொடுத்த பிறகு சுவரை விட்டு வெளியே வந்தது! பத்தில் ஹௌபோ பட்டையை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள். தைரியம் காணாமல் போனது. பட்டையைப் பிரித்துப் பிரித்துக் கடைசியில் வந்து நின்ற இடம் ஹோனோகியால். இரட்டைப் பிறவியான மக்னோலால் இந்த விஷயத்தில் பின்தங்கிவிட்டது. மூளையின் பரபரப்பைத் தணிக்கிற 'காபா' என்ற இயற்கைப் பொருளுக்கென்று நரம்பு செல்களில் ஏற்பிகள் இருக்கின்றன. டயஸெபாம் பிடிப்பதும் அந்த ஏற்பியைத்தான், ஹோனோகியால் போய்த் தொடுவதும் அதைத்தான். ஆனால் டயஸெபாம் தருகிற தசைத் தளர்ச்சி ஹோனோகியாலிடம் அந்த அளவுகளில் தெரியவில்லை. எலி அமைதியாக இருக்கிறதா, தூங்கி வழிகிறதா என்று பிரித்தறிய வேண்டுமே! அதற்காகச் சுழலும் உருளையில் எலியை ஏற்றி, விழாமல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்கும் சோதனை தனியாக இருக்கிறது.

ஒருமுறை பலகையில் ஏறிய எலியை மறுபடி ஏற்றினால் டயஸெபாம்கூடச் சரியாக வேலை செய்வதில்லை, தெரியுமா? அதற்கு இடம் பழகிவிட்டது, பயத்தின் ரகமே மாறிவிட்டது. ஆகவே ஓர் எலிக்கு ஒரே ஒரு வாய்ப்பு!

இந்தப் பலகைக்கு முன்னால் எதை வைத்து அளந்தார்கள் என்று கேட்டால் சிரித்துவிடுவீர்கள். 1934இல் அமெரிக்க உளவியலாளர் கால்வின் ஹால், வெளிச்சமான வட்ட அரங்கில் எலியை விட்டுவிட்டு எதை எண்ணினார் தெரியுமா? புழுக்கையை! அதிகப் புழுக்கை போட்டால் அதிகக் கலக்கம். வயிற்றைக் கலக்குகிறது என்று நாம் சும்மா சொல்லி வைக்கவில்லை போலிருக்கிறது.

சரி, எலி எழுதிய பரீட்சையை நம்பலாமா? 1999இல் ஓரிகன், ஆல்பர்ட்டா, நியூயார்க் என மூன்று இடத்து ஆய்வுக்கூடங்கள் ஒரு பந்தயம் வைத்துக்கொண்டன. ஒரே வம்சத்து எலிகள், ஒரே தீனி, ஒரே கருவிகள், சோதனை தொடங்கும் நேரம்கூட ஒன்று. எல்லாம் ஒன்றாக இருந்தும் சில சோதனைகளில் முடிவுகள் ஊருக்கு ஊர் மாறின. அதில் மோசமாக மாறியவற்றில் ஒன்று நம் கூட்டல் குறிப் பலகை! ஓர் ஊரில் சோதனை நடத்தியவருக்கு எலி அலர்ஜி. மூச்சுக்கவசம் போட்டுக்கொண்டே எலியைத் தூக்கினார். அதுவும் ஒரு காரணமோ என்று ஆய்வறிக்கையிலேயே எழுதி வைத்தார்கள்.

இன்னும் இருக்கிறது. 2014இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக்காரர்கள் வெளியிட்ட செய்தி உலக லேப்களை ஒரு குலுக்கு குலுக்கியது. ஆண் ஆய்வாளர் அறைக்குள் இருந்தாலே எலிகளுக்கு மன அழுத்தம் ஏறுகிறது! ஆளே வேண்டாம், அவர் இரவில் போட்டுக்கொண்டு படுத்த பனியனை எலிக்குப் பக்கத்தில் வைத்தாலே போதும். பெண் ஆய்வாளரின் சட்டைக்கு எலிகள் அப்படி அலட்டிக்கொள்ளவில்லை. பதற்றத்துக்கு மருந்து தேடிக்கொண்டிருந்த எத்தனை பேர், தாங்களே பதற்றமாக நின்றிருப்பார்கள்!

மனிதனை இந்தப் பலகையில் ஏற்ற முடியுமா? ஏற்றிவிட்டார்கள், தெரியுமா? 2017இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் மரத்தால் கூட்டல் குறி செய்து தரையில் வைத்து, ஆட்களுக்கு மெய்நிகர் கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். கண்ணில் தெரிவது கடலுக்கு மேலே துருத்தி நிற்கும் பாறை. பயந்த சுபாவம் உள்ளவர்கள் திறந்த கைப்பக்கம் போகவே தயங்கினார்கள். எலியும் நாமும் ஒரே கட்சி!

டயஸெபாம், டயஸெபாம் என்று உரைகல்லாக அதையே சொல்கிறோமே, அந்த வம்சமே குப்பைத் தொட்டியிலிருந்து தப்பிய கதை தெரியுமா? லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர் அமெரிக்காவில் ரோஷ் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் 1950களில் மனதை அமைதிப்படுத்தும் மருந்து தேடிக்கொண்டிருந்தார். செய்தது ஒவ்வொன்றும் சொதப்பல். கடைசியாகச் செய்த ஒன்றைச் சோதிக்காமலேயே அலமாரியில் தள்ளிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். 1957இல் ஆய்வுக்கூடத்தைச் சுத்தம் செய்யும்போது உதவியாளர் அதைக் கண்டு, எறியவா, சோதனைக்கு அனுப்பவா என்று கேட்டார். அனுப்பினார்கள்! அதுதான் 1960இல் 'லிப்ரியம்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. தம்பி டயஸெபாம் 1963இல். இதைவிட வேடிக்கை, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வேதிப்பொருள்கள் மிக மிக நுண்ணிய அளவில் கோதுமையிலும் உருளைக்கிழங்கிலும் இருப்பது 1980களில் கண்டுபிடிக்கப்பட்டது!

கோதுமை என்றதும் சாங் சோங்ஜிங் மறுபடி வந்து நிற்கிறார். காரணமில்லாமல் அழுகிற, கொட்டாவி மேல் கொட்டாவி விடுகிற, பேய் பிடித்ததைப் போலத் தவிக்கிற பெண்ணுக்கு அவர் எழுதிய கஷாயத்தில் என்னென்ன தெரியுமா? கோதுமை, அதிமதுரம், சீன இலந்தைப்பழம். அவ்வளவுதான்! மளிகைக் கடைச் சீட்டு! கோதுமையில் இருக்கும் அந்தத் துளி வேதிப்பொருளால்தான் அது வேலை செய்தது என்று யாராவது பார்வர்ட் அனுப்பினால் நம்பாதீர்கள். அந்தக் கணக்குக்குச் சப்பாத்தியை மலையாகக் குவித்தாலும் போதாது.

எல்லாச் சரக்கும் இப்படிச் சாதுவாக இருந்துவிடவில்லை. மனம் படபடத்தால் சீன வைத்தியர்கள் 'டிராகன் எலும்பு' இடித்துக் கொடுத்தார்கள். டிராகனுக்கு எங்கே போவது? மண்ணுக்குள் கல்லாகிப் போன பழைய விலங்குகளின் எலும்புதான் அது! அந்த மருந்துக்கடை மூட்டைகளுக்குள்ளிருந்து என்னவெல்லாம் வெளியே வந்தது தெரியுமா? 1935இல் ஃபான் கோனிக்ஸ்வால்ட் என்ற ஆய்வாளர் ஹாங்காங் மருந்துக்கடை ஒன்றில் பிரம்மாண்டமான கடைவாய்ப்பல்லைப் பார்த்தார். உலகில் வாழ்ந்தவற்றிலேயே பெரிய குரங்கான ஜைகாண்டோபித்திகஸ் அப்படித்தான் அறிவியலுக்கு அறிமுகமானது! சீன எழுத்தின் மிகப் பழைய சான்றுகளான ஆரூட எலும்புகளும் 1899இல் அறிஞர்கள் கண்ணில் படும்வரை இதே பெயரில் மருந்தாக விற்றுக்கொண்டிருந்தன. எத்தனை அரசர்களின் ஆரூடம் யார் யார் வயிற்றுக்குள் போயிற்றோ!

சாங் சோங்ஜிங் காலத்து டிராகன் எலும்புக் கஷாயம் ஒன்றில் ஈயச் சிந்தூரம்கூட உண்டு. பிற்காலத்து அமைதி மாத்திரை ஒன்றின் தலைமைச் சரக்கு பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சாதிலிங்கம். நம் சித்த வைத்தியர்களுக்கும் பழக்கமான அதே சாதிலிங்கம்தான். ஈயமும் பாதரசமும் நரம்புக்கு என்ன செய்யும் என்று இன்று தெரிகிறது. பழசு என்பதற்காக எதையும் சும்மா விட முடியாது. சோதனை என்ற வேலை இங்கேதான் ஆரம்பம்.

அதற்கும் முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது: பையில் இருப்பது அந்தச் செடிதானா என்று பார்ப்பது! 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் இளைக்கும் மாத்திரை சாப்பிட்ட பெண்கள் வரிசையாகச் சிறுநீரகம் பழுதாகி மருத்துவமனைக்கு வந்தார்கள். மாத்திரையில் சேர்த்திருந்த சீனச் சரக்குகள் இரண்டு. ஒன்று நம் ஹௌபோ பட்டை, அது நிரபராதி. இன்னொன்று 'ஃபாங்ஜி' வேர். பெயர்க் குழப்பத்தில் அதற்குப் பதிலாக 'குவாங் ஃபாங்ஜி' வேர் வந்து சேர்ந்திருந்தது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோக்கியா இனம்! நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், பலருக்கு டயாலிசிஸ், சிலருக்குப் புற்றுநோய். நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் இந்த இனம்தான். ஆடு தொடாததை ஆறறிவு தொட்டது.

செடி சரிதான் என்று தெரிந்துவிட்டால் அடுத்து? எலியைத் தாண்டி யாராவது முதலில் குடிக்க வேண்டும். 1879இல் இருபது வயது மருத்துவ மாணவர் ஒருவர் ஜெல்சீமியம் என்ற நச்சுச் செடியின் சாரத்தைத் தினம் தினம் அளவைக் கூட்டிக் குடித்துப் பார்த்தார். தலைவலி, சோர்வு, கடைசியில் நிற்காத வயிற்றுப்போக்கு. பார்த்ததை எழுதி பிரிட்டிஷ் மருத்துவ இதழுக்கு அனுப்பினார். பெயர் ஆர்தர் கோனன் டாயில்! ஷெர்லாக் ஹோம்ஸ் பிறக்க இன்னும் எட்டு ஆண்டு இருந்தது. அவர் குடித்தது அமெரிக்க வகை. அதன் சீன உறவை அங்கே 'குடலறுக்கும் பூண்டு' என்கிறார்கள். அதிலிருந்து பிரித்த கூமைன் என்ற பொருள், மிகச் சிறிய அளவில், எலிகளின் பதற்றத்தைக் குறைக்கிறது என்று சீன ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆளைக் கொல்லும் அளவுக்கும் அமைதி தரும் அளவுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதில்தான் அதன் எதிர்காலம். மலேரியாவுக்கு ஆர்டெமிசினின் கண்டு 2015இல் நோபல் வாங்கிய டு யூயூகூட, 1972இல் நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன்னால் சகாக்களோடு தானே அந்தச் சாரத்தைச் சாப்பிட்டுப் பார்த்தவர்தான்!

மலேரியாவில் ஒரு வசதி உண்டு; ரத்தத்தில் கிருமியை எண்ணிவிடலாம். பதற்றத்தை எதை வைத்து எண்ணுவது? மாக்ஸ் ஹாமில்டன் 1959இல் ஒரு கேள்விப்பட்டியல் போட்டார். 14 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க், மொத்தம் 56. கூடினால் பதற்றம் கூடுதல். சிக்கல் என்ன தெரியுமா? டம்மி மருந்து சாப்பிட்டவர்களுக்கும் மார்க் இறங்கிவிடுகிறது! வாரா வாரம் ஒருவர் அக்கறையாக உட்கார்ந்து, தூக்கம் எப்படி, படபடப்பு எப்படி என்று கேட்டால் யாருக்குத்தான் கொஞ்சம் தேறாது? ஆகவே டம்மியைத் தாண்டி மருந்து எவ்வளவு இறக்குகிறது என்பதே கேள்வி.

ஆனால் கஷாயத்துக்கு டம்மி செய்வது லேசான காரியமா? மாத்திரைக்கு மாவு உருட்டலாம். மண்வாசனையும் கசப்புமாக, கறுப்பாக, ஆவி பறக்கும் கஷாயத்தைப் போலியாகச் செய்ய வேண்டும்; ஒரு வாய் குடித்ததும் கண்டுபிடித்துவிடக் கூடாது! சர்க்கரையைக் கருக்கி நிறம் ஏற்றுகிறார்கள், கசப்பு சேர்க்கிறார்கள். சில ஆய்வுகளில் அசல் மருந்தையே பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கலந்து டம்மி என்கிறார்கள். அதுவும் கொஞ்சம் வேலை செய்துவிட்டால்? பிறகு எதை எதோடு ஒப்பிடுவது! இப்படிப்பட்ட ஆய்வுகளை எழுதும்போது எந்தச் செடி, எந்தப் பாகம், எவ்வளவு, தரத்தை எப்படிச் சோதித்தீர்கள் என்பதையெல்லாம் சொல்லியாக வேண்டும் என்று 2017இல் தனி விதிமுறையே வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய ஆய்வுகள் பலவற்றில் இந்த விவரம் கிடையாது. ஹோனோகியாலும் இன்றுவரை எலியிடம் பாஸ் செய்த மாணவன்தான். மனப்பதற்றத்துக்கு அங்கீகாரம் பெற்ற மருந்தாக இன்னும் ஆகவில்லை.

பெரிய சோதனை என்ன செய்யும் என்பதற்கு ஜப்பானில் 'யோகுகான்சான்' என்று வழங்கும் மருந்தே சாட்சி. ஏழு சரக்கு. அதில் ஒன்று கொக்கிக் கொடி. கொடியில் வளைந்து நிற்கும் கொக்கிகளுக்குத்தான் மதிப்பு! காபியும் அந்தக் கொடியும் ஒரே தாவரக் குடும்பம், தெரியுமா? பதற்றத்தை ஏற்றுவதும் இறக்குவதும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்! 2005இல் மறதி நோய் வந்த முதியவர்கள் 52 பேரை வைத்து ஜப்பானில் செய்த சோதனையில் ஆவேசமும் கலக்கமும் குறைந்தன. பிறகு பல மருத்துவமனைகள் சேர்ந்து, இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட நோயாளிகளோடு, டம்மி மருந்தை எதிரே நிறுத்திச் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டன. முக்கிய அளவீட்டில் டம்மியை அது தெளிவாக ஜெயிக்கவில்லை! இதற்குள் அது ஜப்பானில் ஏராளமாக எழுதிக்கொடுக்கப்படும் மருந்தாகியிருந்தது. அதிலுள்ள அதிமதுரம் சிலருக்குப் பொட்டாசியத்தைக் குறைத்து ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும் என்பதால் டாக்டர்கள் ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொண்டே கொடுக்கிறார்கள்.

இத்தனைக்கும் அந்த மருந்து பிறந்தது முதியவர்களுக்காகவே அல்ல. 16ஆம் நூற்றாண்டில், மிங் பேரரசுக் காலத்துக் குழந்தை வைத்திய நூல் ஒன்றில், இரவெல்லாம் வீறிட்டு அழும் பிள்ளைக்காக எழுதப்பட்டது. அதோடு ஒரு குறிப்பும் இருக்கிறது: பிள்ளைக்குக் கொடுக்கும்போது தாயும் சேர்ந்து குடிக்க வேண்டும்! தூக்கம் கெட்டுக் கண் சிவந்த அம்மாவின் பதற்றம்தான் பிள்ளையை அழ வைக்கிறதா, பிள்ளையின் அழுகைதான் அம்மாவைப் பதற வைக்கிறதா என்று அந்த வைத்தியர் விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. இருவருக்கும் கிண்ணத்தை நீட்டிவிட்டார். ஜப்பானில் இன்றும் சில டாக்டர்கள் நோயாளியோடு அவரைப் பார்த்துக்கொள்பவருக்கும் சேர்த்து எழுதிக்கொடுக்கிறார்கள். இதை ஒழுங்காகச் சோதிக்க வேண்டுமென்றால் டம்மியை யாருக்குக் கொடுப்பது, அசலை யாருக்குக் கொடுப்பது, 56 மார்க்கை யார் பெயரில் போடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்!